அப்பாவுக்கு சுகர்

சிம்மக்கல்லில் இருந்து கல்பாலம் போகும் வழியில்
இரவு பதினோரு மணிவரை திறந்திருக்கும் கடை.
சுவரில் சட்டமிட்டுத் தொங்கும் சான்றிதழ் என்னுடையது.
சுவர் தெய்வேந்திரனுடையது.

"ஒண்ணு மட்டும்" என்றான் அவன் முதல் தடவை.
இன்சுலின் சிரிஞ்சை ஒற்றையாகக் கேட்பவர்கள் யாரென்று
எங்கள் தராசுக்குக்கூடத் தெரியும்.
முதலாளி கண்காட்டினார்.
இல்லை என்றேன்.
என் முதுகுக்குப் பின்னால், இரண்டாம் தட்டில்,
நூறு அடங்கிய பெட்டி
பிரிக்கப்படாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மாதம் இல்லை என்றேன்.
சுலபமான சொல்.
பில் போட வேண்டாம், சில்லறை தேட வேண்டாம்.

சித்திரைக்குப் பத்து நாள் இருக்கையில்
ஆற்றைச் சுத்தம் செய்த பேச்சியம்மாள்
வலது கையை இடது கையால் பிடித்தபடி வந்தாள்.
கருவேலம் வாரும்போது குத்தியது,
முள் என்று நினைத்தாளாம்.
"எந்த முள்ளுலம்மா கோடு போட்டு நம்பர் எழுதியிருக்கு?"
கையுறை தரவில்லையா?
"போன எலெக்‌ஷனுக்குத் தந்தாக."
டி.டி. மட்டும் போதாது, பெரியாஸ்பத்திரிக்குப் போ,
இன்றைக்கே போ என்று சீட்டெழுதி
ஆட்டோ ஏற்றிவிட்டேன்.

அன்றிரவு
நான் விற்காத ஊசிகளை எண்ண உட்கார்ந்தேன்.
விற்காத ஒவ்வொன்றுக்கும்
பழையது ஒன்று எத்தனை கை மாறியிருக்கும்?
கணக்கு வரவில்லை.

மறுபடி வந்தான், முழங்கையை மடக்கியபடி.
"அப்பாவுக்கு சுகர்க்கா."
முதலாளி டீக்குப் போயிருந்தார்.
"எத்தனை நாளைக்கு வேணும்?"
அவன் இதை எதிர்பார்க்கவில்லை.
"ஒரு வாரத்துக்கு?" என்றான், விலை கேட்பதுபோல.

எண்ணி வைத்தேன். ஸ்பிரிட் பஞ்சும் வைத்தேன்.
"அப்பாகிட்ட சொல்லு,
போட்டதையே திரும்பப் போடக்கூடாது.
அடுத்தவருக்குத் தரவே கூடாது.
தனியா இருக்கும்போது வேண்டாம்னு சொல்லு."
"அப்பா கேக்கமாட்டாருக்கா."
"சொல்லிவை."

அப்படி வளர்ந்தார் அந்த அப்பா.
செவ்வாய்க்கிழமைகளில் விசாரிப்பேன்.
அப்பாவுக்குத் தூக்கமில்லை.
அப்பாவுக்குக் கையில் புண், சீழ் கோர்த்திருக்கு.
(காட்டச் சொன்னேன். காட்டினான்.)
அப்பாவோட கூட்டாளி ஒருத்தர் தவறிட்டார்,
ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில்.
அன்று எதுவும் வாங்கவில்லை.
ஃபிரிட்ஜின் பக்கத்தில் நின்றான்.
நிற்கட்டும் என்று விட்டேன்.

பழைய ஊசிகள்
ஹார்லிக்ஸ் பாட்டிலில் டேப் ஒட்டித் திரும்பி வந்தன.
அதை முதலாளி பார்த்துவிட்டார்.
போலீஸ், லைசென்ஸ், கடைப் பெயர்,
எல்லாம் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து
பேச்சியம்மாளின் விரலைச் சொன்னேன்.
"அழகர் இறங்குற அன்னைக்கு
நீங்களும் அந்த மணல்ல வெறுங்காலோடதான நின்னீங்க?"
அவர் தன் காலைப் பார்த்தார்.
பிறகு, "பில் போட்டே குடு."
"என்ன பேர் போட?"
"பேஷண்ட்னு போடு."

ஆவணியில் ஒருநாள்,
"அப்பாவுக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை
பெரியாஸ்பத்திரில தர்றாங்களாம்.
தினம் போகணுமாம்.
கூட யாராச்சும் போனா நல்லதாக்கா?"
நல்லது என்றேன்.
"அப்படி யாருமில்ல அவருக்கு."
பில் தாளின் பின்பக்கம் என் நம்பரை எழுதினேன்.
அதை மடித்து, மடித்து,
ஒரு மாத்திரை அளவுக்கு ஆக்கிக்கொண்டு போனான்.

நான்கு செவ்வாய் வரவில்லை.
மருந்துக்கடைக்கு ஒருவர் வராமல் போக
இரண்டு காரணம் உண்டு.
பேச்சியம்மாள் வந்தாள்,
மூன்றாம் மாத ரத்தத்திலும் ஒன்றுமில்லை என்று,
தலைவலி மாத்திரை ஒன்று கேட்டு.

ஐந்தாவது செவ்வாய், வேறொரு பையன்.
அப்பாவுக்கா என்று கேட்க வாயெடுத்தேன்.
"எனக்குத்தான்க்கா" என்றான்.
"இங்க பொய் சொல்ல வேண்டாம்னு
ஒச்சு சொன்னாப்ல."
அன்றுதான் தெரிந்தது, அவன் பெயர் ஒச்சு.

"எப்ப சொன்னான்?"

பையன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.